பாசிச் சாறு கருச்செல்லைக் காக்குமா? மருந்து நச்சு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பைருலினா போன்ற பாசிகளின் சாறு, மருந்துகளின் நச்சிலிருந்து கருச்செல்களைக் காப்பாற்றுவதாக ஆய்வகங்களிலிருந்து அவ்வப்போது செய்தி வருகிறது. அது நாலு கை மாறி வருவதற்குள் ‘கர்ப்பிணிகள் பாசி சாப்பிட்டால் மாத்திரையின் பக்கவிளைவு குழந்தையை அண்டாது’ என்று ஆகிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே வெகுதூரம் இருக்கிறது. மருந்தை விட முடியாத நிலையில் கருவுற்றிருக்கும் ஒரு பெண்ணுக்கு அந்தத் தூரம் தெரிந்தே ஆக வேண்டும். அதனால்தான் சில பதில்கள் கொஞ்சம் நீளமாகவே இருக்கின்றன.

இந்த ஆய்வுகளில் உண்மையில் என்னதான் பார்த்தார்கள்?

கருச்செல்களைத் தட்டில் வளர்க்கிறார்கள். ஒரு பகுதிக்கு நச்சுள்ள மருந்தை மட்டும் கொடுக்கிறார்கள். இன்னொரு பகுதிக்கு அதே மருந்தோடு பாசிச் சாற்றையும் சேர்க்கிறார்கள். மூன்றாவது பகுதிக்குச் சாறு மட்டும், நான்காவதுக்கு எதுவுமே இல்லை. ஒன்றிரண்டு நாள் கழித்து எண்ணிப் பார்த்தால், மருந்து மட்டும் போட்ட இடத்தில் செல்கள் கூட்டமாகச் செத்திருக்கும். சாறும் சேர்ந்த இடத்தில் அதைவிடக் கூடுதலாகப் பிழைத்திருக்கும். அவற்றுக்குள், பக்கத்து மூலக்கூறுகளைத் தாக்கிக் கெடுக்கும் ஃப்ரீ ராடிகல்கள் குறைவாகவும், செல்லின் சொந்தப் பாதுகாப்புப் பொருளான குளூட்டாதியோன் அதிகமாகவும் இருக்கும்.

இந்த வகை ஆய்வுகளின் சாரம் இவ்வளவுதான். நல்ல தகவல், கையில் பிடித்துக்கொண்டு மேலே ஆராயத் தகுந்த தகவல். மருத்துவ ஆலோசனை என்று எடுத்துக்கொள்ள இதில் எதுவும் இல்லை.

எந்தெந்தப் பாசிகள்? அவற்றில் அப்படி என்ன இருக்கிறது?

அதிகம் பேசப்படுவது ஸ்பைருலினா. கண்டிப்பாகச் சொன்னால் இது பாசியே அல்ல. ஒளிச்சேர்க்கை செய்யும் ஒரு பாக்டீரியா, நீலப்பச்சைப்பாசி என்று பழக்கத்தில் சொல்லிவருகிறோம். இதன் நீல நிறத்துக்குக் காரணம் ஃபைகோசயனின் என்ற புரதம். அந்தப் புரதத்தோடு ஒட்டியிருக்கும் ஃபைகோசயனோபிலின் என்ற சிறிய மூலக்கூறு, நம் உடலில் இயல்பாக உண்டாகும் பிலிருபினுக்கு நெருங்கிய சொந்தம். பிலிருபின், ஃப்ரீ ராடிகலை உற்பத்தி செய்யும் ஒரு நொதியை அடக்கும் என்பதால் இந்த நீலப் பொருளும் அதைச் செய்யலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எனக்குப் பட்டவரை இந்தத் துறையிலேயே சுவாரசியமான துப்பு இதுதான்.

குளோரெல்லா நிஜமான பச்சைப்பாசி. ஹெமட்டோகாக்கஸ் என்ற இன்னொரு பச்சைப்பாசி, வெயிலும் பட்டினியும் தாக்கும்போது ரத்தச் சிவப்பாக மாறி, தன் உலர் எடையில் 4 சதவீதம் வரை அஸ்டாக்சாந்தின் என்ற சிவப்பு நிறமியைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். உப்பளங்களில் வளரும் டூனலியெல்லா, பீட்டா கரோட்டினை அதைவிடவும் அதிகமாகச் சேர்க்கும். கடலின் பழுப்புப் பாசிகளில் ஃபுகோசாந்தின், ஃப்ளோரோடானின் இரண்டும் உண்டு. இவை எல்லாம் ஃப்ரீ ராடிகலை அடக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட்கள்.

பாசிக்கு எதற்கு இவ்வளவு ஆன்டிஆக்ஸிடன்ட்?

தன்னைக் காத்துக்கொள்ளத்தான். ஒளிச்சேர்க்கை செய்கிற செல், நாள் முழுக்க வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டும் ஆக்சிஜனை வெளியேற்றிக்கொண்டும் இருக்கிறது. வெளிச்சம் தேவைக்கு மேல் போனால் அந்த ஆற்றல் ஆக்சிஜனிடம் தாவி, கண்ணில் பட்ட மூலக்கூறை எல்லாம் அரிக்கும் ஆக்சிஜன் வடிவங்களை உண்டாக்கும். உப்பும் வெப்பமும் கூடினால் இன்னும் மோசம். ஒரே இனப் பாசியை இரண்டு விதமாக வளர்த்தால் சாற்றின் வலிமை மாறுவதற்கும் இதுவே காரணம்.

மருந்து கருச்செல்லை எப்படிக் கெடுக்கிறது? வளர்ந்தவர்களின் செல் தாங்குவதை அது ஏன் தாங்குவதில்லை?

கருச்செல் மூன்று வேலைகளை ஒரே நேரத்தில் செய்கிறது: வேகமாகப் பிரிகிறது, இடம் பெயர்கிறது, இதயமாகவோ எலும்பாகவோ நரம்பாகவோ மாறவும் செய்கிறது. இந்த வேலைகளுக்கு நேரம் குறித்து வைத்தாற்போல் ஒரு ஒழுங்கு உண்டு. மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் நரம்புக்குழாய், கருத்தரித்த 28 நாளுக்குள் மூடிக்கொள்ள வேண்டும். அந்த நாட்களில் ஒரு பகுதிச் செல்கள் செத்துப்போனாலோ தாமதித்தாலோ பிறகு திருத்த வழியில்லை. பல பெண்களுக்குக் கர்ப்பம் என்றே அப்போது தெரிந்திருக்காது.

பாதுகாப்பிலும் அது ஏழை. கேட்டலேஸ், சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் போன்ற நொதிகள் கருவின் ஆரம்ப நாட்களில் வளர்ந்த திசுக்களில் இருக்கும் அளவுக்கு இருப்பதில்லை. ஆகவே மருந்து ஃப்ரீ ராடிகல்களைக் கிளப்பிவிட்டால் டிஎன்ஏவும் மைட்டோகாண்ட்ரியாவும் சீக்கிரமே அடி வாங்குகின்றன.

இயற்கை இதற்கு வேறொரு ஏற்பாடு செய்திருக்கிறது. கர்ப்பத்தின் முதல் 10 வாரம் வரை தாயின் ரத்தம் நஞ்சுக்கொடியின் இடைவெளிகளுக்குள் முழுமையாகப் பாய்வதில்லை. கரு மிகக் குறைந்த ஆக்சிஜனில்தான் வளர்கிறது. ஆக்சிஜன் குறைவாக இருந்தால் அதன் அரிப்பும் குறைவு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஆய்வுகளின் குறைகளைப் பற்றிப் பேசும்போது இது தேவைப்படும்.

கருவைப் பாதிக்கும் எல்லா மருந்தும் ஃப்ரீ ராடிகல் வழியாகத்தான் பாதிக்கிறதா?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

தாலிடோமைடை எடுத்துக்கொள்வோம். 1957ல் மேற்கு ஜெர்மனியில் தூக்க மாத்திரையாக விற்பனைக்கு வந்தது, கர்ப்பிணிகளின் குமட்டலுக்கும் பயன்பட்டது, 1961 இறுதியில் திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் கை கால் வளராமலும் வேறு குறைபாடுகளோடும் உலகம் முழுவதும் 10,000க்கும் அதிகமான குழந்தைகள் பிறந்துவிட்டன. அது எப்படிக் கெடுத்தது என்பது பல பத்தாண்டுகள் புதிராகவே இருந்தது. 1999ல் கனடா ஆய்வாளர்கள் ஃப்ரீ ராடிகலைப் பிடிக்கும் ஒரு பொருளை முயல்களுக்கு முன்கூட்டியே கொடுத்தபோது, தாலிடோமைடால் வரும் கை கால் குறைபாடுகள் குறைந்தன. ஆன்டிஆக்ஸிடன்ட் கருத்துக்கு அது பெரிய ஆதரவு. ஆனால் 2010ல் ஜப்பான் ஆய்வாளர்கள், தாலிடோமைடு நேராகப் போய் செரிப்ளான் என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது என்று காட்டினார்கள். 2018ல், அப்படிப் பிடித்தபின் கை கால் உருவாகத் தேவையான சால்4 என்ற புரதத்தைச் செல்லே அழித்துவிடுகிறது என்று தெரியவந்தது. சால்4 இல்லாத இடத்தில் எவ்வளவு ஆன்டிஆக்ஸிடன்ட் ஊற்றினாலும் சால்4 திரும்ப வராது.

மற்றவையும் இப்படித்தான், ஒவ்வொன்றுக்கும் ஒரு பாதை. கடுமையான முகப்பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின், உடல் உறுப்புகள் எங்கே உருவாக வேண்டும் என்று சொல்லும் ரெட்டினாயிக் அமிலச் சமிக்ஞையைக் குழப்புகிறது. மெத்தோட்ரெக்ஸேட், ஃபோலேட் வேலை செய்வதைத் தடுத்து டிஎன்ஏ தயாரிப்பை நிறுத்துகிறது. வலிப்புக்கான வால்ப்ரோயேட், எந்த மரபணு விழித்திருக்க வேண்டும், எது தூங்க வேண்டும் என்று தீர்மானிக்கும் நொதிகளை அடக்குகிறது; கூடவே ஃப்ரீ ராடிகலையும் கிளப்புகிறது.

இன்னொரு பக்கம், டாக்ஸோரூபிசின் போன்ற புற்றுநோய் மருந்துகள் செல்லுக்குள் சுற்றிச் சுற்றி ஃப்ரீ ராடிகலைத் தயாரிப்பவை. ஹைட்ராக்சியூரியா டிஎன்ஏவுக்கான மூலப்பொருளைத் தடுப்பதோடு ராடிகல்களையும் உண்டாக்குகிறது. பாசிச் சாறு நன்றாக வேலை செய்வதாகச் செய்தி வரும்போது, பரிசோதித்த மருந்து எந்த வகை என்று முதலில் பாருங்கள். ராடிகல் வகை மருந்தில் கிடைத்த வெற்றி மற்ற வகை மருந்துக்குப் பொருந்தாது.

ஆய்வகத்தில் இதை எப்படிச் சோதிக்கிறார்கள்?

பல முறைகள் உண்டு. எனக்குப் பிடித்தது, ஜெர்மனியில் ஹோர்ஸ்ட் ஸ்பீல்மன் குழு 1990களில் உருவாக்கிய சுண்டெலி ஸ்டெம் செல் சோதனை. ஸ்டெம் செல் என்றால் உடலின் எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய ஆரம்பச் செல். பிறகு ஐரோப்பாவில் பல ஆய்வகங்கள் சேர்ந்து அதைச் சரிபார்த்தன.

ஒரு தட்டின் மூடியின் உட்புறத்தில் 20 மைக்ரோலிட்டர் துளிகளை வரிசையாக வைக்கிறார்கள். ஒவ்வொரு துளியிலும் சுமார் 750 செல்கள். மூடியை மெல்லத் திருப்பித் தட்டின்மேல் வைத்தால் துளிகள் கீழே விழாமல் தொங்கும். செல்கள் துளியின் அடியில் இறங்கி ஒன்றோடொன்று ஒட்டி, 3 நாளில் சின்ன உருண்டையாகும். அந்த உருண்டைகளை வேறொரு தட்டில் 2 நாள் மிதக்கவிட்டு, 5ஆம் நாள் குழிக்கு ஒன்றாகப் பிரித்து வைக்கிறார்கள். 10ஆம் நாள் நுண்ணோக்கியில் பார்த்தால், உருண்டை படிந்து பரவிய இடத்தில் ஒரு திட்டு மட்டும் தானாகச் சுருங்கி விரியும். இதயத் தசைச் செல்கள் உருவாகிவிட்டன என்று அர்த்தம். எந்த நரம்பும் கட்டளை இடவில்லை, எந்த உடலும் சுற்றி இல்லை, ஆனாலும் ஒரு தாளத்தில் துடித்துக்கொண்டிருக்கும்.

மருந்தைச் சேர்த்து வளர்த்தால் எத்தனை குழிகளில் துடிப்பு வருகிறது என்று எண்ணுகிறார்கள். துடிப்பைப் பாதியாகக் குறைக்கும் அளவு என்ன, கருச்செல்லில் பாதியைக் கொல்லும் அளவு என்ன, ஏற்கனவே முதிர்ந்துவிட்ட சாதாரணச் செல்லில் பாதியைக் கொல்லும் அளவு என்ன என்று மூன்றையும் ஒப்பிடுகிறார்கள். சாதாரணச் செல்லைக் கொல்லாத அளவிலேயே துடிப்பு நின்றுபோனால் அந்த மருந்து கருவுக்கு ஆபத்து என்று சந்தேகிக்கலாம். இங்கே பாசிச் சாறு துடிப்பைத் திரும்பக் கொண்டுவந்தால், செல் உயிரோடு இருந்தது என்பதற்கும் மேலே ஒரு தகவல் கிடைக்கிறது: அது தன் வேலையையும் செய்தது.

இதுதவிர, ஜீப்ராமீனின் கண்ணாடி போன்ற முட்டைகளிலும், சுழலும் குப்பியில் வைத்து வளர்க்கும் எலிக் கருக்களிலும் சோதிக்கிறார்கள்.

இந்தச் செல்களுக்காக மனிதக் கருக்களைக் கொல்கிறார்களா?

பெரும்பாலான நச்சுச் சோதனைகள் சுண்டெலிச் செல்களில்தான் நடக்கின்றன. சுண்டெலிக் கருவிலிருந்து ஸ்டெம் செல்களை முதன்முதலில் 1981ல் பிரித்தெடுத்தார்கள்; அப்போது உருவான வம்சங்களின் வழியில் வந்தவையும் பிறகு உருவானவையும் உறைகுளிரில் சேமிக்கப்பட்டு, ஆய்வகம் ஆய்வகமாகப் பகிரப்படுகின்றன. ஒவ்வொரு சோதனைக்கும் புதிதாகக் கரு தேவையில்லை. மனிதக் கருவின் ஸ்டெம் செல்லை ஜேம்ஸ் தாம்சன் 1998ல் பிரித்தார். சிகிச்சைக்காக உருவாக்கப்பட்டு, பிறகு தேவைப்படாமல் போன கருக்களைத் தம்பதியர் சம்மதத்தோடு பயன்படுத்தினார்கள். இதைப் பற்றி மாறுபட்ட அறக்கருத்துகள் இருக்கின்றன, நாட்டுக்கு நாடு சட்டமும் வேறு. வளர்ந்தவரின் தோல் செல்லை ஸ்டெம் செல் நிலைக்குத் திருப்பும் முறை வந்தபின் அந்தத் தேவையும் குறைந்துவருகிறது.

தட்டில் கிடைத்த முடிவை எந்த இடத்தில் சந்தேகிக்க வேண்டும்?

முதலில், எத்தனை செல் உயிரோடு இருக்கிறது என்று அளக்கும் முறை. எம்டிடி என்ற மஞ்சள் தூளைக் கரைத்து ஊற்றினால் உயிருள்ள செல் அதை ஊதாவாக மாற்றும். ஊதா எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு செல் பிழைத்திருக்கிறது என்று கணக்கு. சிக்கல் என்னவென்றால், வலுவான ஆன்டிஆக்ஸிடன்ட், செல்லே இல்லாத வெறும் கரைசலிலும் அந்த மஞ்சளை ஊதாவாக்கிவிடும். போதாததற்கு, ஊதாவை அளப்பது சுமார் 570 நானோமீட்டர் ஒளியில். 620 அருகே ஒளியை உறிஞ்சும் ஃபைகோசயனின் இங்கேயும் கொஞ்சம் உறிஞ்சும். சாற்றைக் கழுவி எடுத்துவிட்டு அளந்தார்களா, செல் இல்லாத குழியில் சாற்றை மட்டும் போட்டு ஒப்பிட்டார்களா என்று பார்க்காமல் அந்த எண்ணை நம்பக் கூடாது. ஃப்ரீ ராடிகலை ஒளிரும் சாயத்தால் அளக்கும்போதும் இதே தொல்லை: சாற்றின் நிறமிகள் வெளிச்சத்தை விழுங்கினால், ராடிகல் குறைந்ததுபோலத் தோன்றும்.

இரண்டாவது, ஆக்சிஜன். கருவறையில் ஆரம்ப நாட்களில் ஆக்சிஜன் மிகக் குறைவு என்று பார்த்தோம். சாதாரண இன்குபேட்டரில் அது காற்றில் இருப்பதற்குச் சமமாக, 20 சதவீதத்துக்கு அருகில் இருக்கும். அங்கே வளரும் கருச்செல் மருந்து போடுவதற்கு முன்பே திணறிக்கொண்டிருக்கிறது. அந்த நிலையில் எந்த ஆன்டிஆக்ஸிடன்ட் கொடுத்தாலும் ஓரளவு உதவியாகத்தான் தெரியும். 5 சதவீத ஆக்சிஜனிலும் அதே பாதுகாப்பு கிடைத்தது என்று ஒரு ஆய்வு சொன்னால் நான் அதைத் தனியாக மதிப்பேன்.

மூன்றாவதைப் பலரும் கவனிப்பதில்லை. மருந்தையும் சாற்றையும் ஒரே நேரத்தில் ஒரே தட்டில் ஊற்றினால், சாற்றிலுள்ள புரதமும் சர்க்கரைச் சங்கிலிகளும் மருந்தைத் தட்டிலேயே பிடித்து வைத்துக்கொள்ளலாம். மருந்து செல்லுக்குள் போகவே இல்லை என்றால் செல் பிழைக்கத்தான் செய்யும். அதற்குப் பேர் பாதுகாப்பு அல்ல. சாற்றை முதலில் கொடுத்து, கழுவிவிட்டு, அப்புறம் மருந்து கொடுத்துப் பார்ப்பதுதான் சரியான முறை.

விலங்குகளில் சோதித்திருக்கிறார்களா?

சோதித்திருக்கிறார்கள். 2009ல் மெக்சிகோ ஆய்வாளர்கள், கர்ப்பமான சுண்டெலிகளுக்கு ஸ்பைருலினாவைக் கொடுத்தபோது ஹைட்ராக்சியூரியாவால் குட்டிகளுக்கு வரும் குறைபாடுகள் குறைந்ததாக வெளியிட்டார்கள். ஸ்பைருலினாவின் புரதச் சாறும் அதேபோல் உதவியது. இது தனித்து நிற்கும் முடிவல்ல. அதற்கு வெகுகாலம் முன்பே முயல்களில் ப்ரோபைல் காலேட் என்ற வேறொரு ஆன்டிஆக்ஸிடன்ட், ஹைட்ராக்சியூரியாவின் தீங்கைக் குறைத்திருக்கிறது. கருவை விட்டுப் பொதுவாகப் பார்த்தால், டாக்ஸோரூபிசின் இதயத்துக்குச் செய்யும் கேட்டை ஸ்பைருலினா சுண்டெலிகளில் குறைத்ததாக 2005லும், சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து சிறுநீரகத்துக்குச் செய்யும் கேட்டை எலிகளில் குறைத்ததாக 2006லும் முடிவுகள் வந்தன.

விலங்கைப் பற்றி ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். தாலிடோமைடை எலிக்கும் சுண்டெலிக்கும் கொடுத்தால் மனிதக் குழந்தைகளுக்கு வந்ததுபோன்ற கை கால் குறைபாடு வருவதில்லை, முயலுக்கு வரும். எந்த விலங்கில் பார்த்தோம் என்பதே முடிவை மாற்றிவிடும்.

தட்டில் 100 மைக்ரோகிராம் போதும் என்றால், நான் எத்தனை மாத்திரை சாப்பிட வேண்டும்?

இப்படிக் கணக்குப் போட முடியாது. ஏன் என்று போட்டே காட்டுகிறேன். ஒரு மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்பது தட்டில் சாதாரண அளவு. வளர்ந்த ஒருவரின் உடல்நீர் சுமார் 40 லிட்டர் என்று வைத்தால், அதே செறிவுக்கு 4 கிராம் சாறு ஒரு துளி வீணாகாமல் உடல் முழுக்கப் பரவ வேண்டும். சாப்பிட்ட சாறு அப்படிப் பரவாது. ஃபைகோசயனின் ஒரு பெரிய புரதம். வயிற்றிலும் குடலிலும் துண்டுதுண்டாகும். அதன் துண்டுகளில் எது ரத்தத்துக்குள் போகிறது, கல்லீரல் அதில் எவ்வளவை மாற்றுகிறது, நஞ்சுக்கொடியைத் தாண்டிக் கருவுக்கு எவ்வளவு போய்ச் சேர்கிறது என்பதெல்லாம் தனித்தனிக் கேள்விகள். தட்டில் இவற்றில் எதுவுமே இல்லை. சாறு நேராகச் செல்லின்மேல் விழுகிறது.

ஆன்டிஆக்ஸிடன்ட் எவ்வளவு சேர்ந்தாலும் நல்லதுதானே?

அப்படித்தான் பல ஆண்டுகள் நம்பினார்கள். கர்ப்பிணிகளிடமே அதைச் சோதித்தும் பார்த்தார்கள். 2006ல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வில், ரத்த அழுத்தக் கோளாறான முன்சூல்வலிப்பு வரும் அபாயம் கூடுதலாக உள்ள 2,400 பெண்களில் ஒரு பாதிக்குத் தினமும் 1,000 மில்லிகிராம் வைட்டமின் சியும் 400 யூனிட் வைட்டமின் ஈயும் கொடுத்தார்கள். மறுபாதிக்கு வெறும் மாத்திரை. முன்சூல்வலிப்பு குறையவில்லை. வைட்டமின் சாப்பிட்டவர்களிடம் எடை குறைந்த குழந்தைகள் பிறந்தது கூடியது. கருத்தளவில் அந்த யோசனையில் ஒரு பிழையும் இல்லை, தட்டுச் சோதனைகளும் நம்பிக்கை தந்திருந்தன.

புகைப்பவர்களுக்குப் பீட்டா கரோட்டின் கொடுத்த ஃபின்லாந்து ஆய்விலும் இதே அனுபவம். 29,000 பேரில் நடந்த அதன் முடிவு 1994ல் வந்தபோது, நுரையீரல் புற்றுநோய் குறைவதற்குப் பதில் 18 சதவீதம் கூடியிருந்தது.

கருவில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. சிறிய அளவில் ஃப்ரீ ராடிகல்கள் செல்களுக்குச் செய்தி சொல்பவை. ஸ்டெம் செல் இதயச் செல்லாக மாறுவதற்கே அந்தச் செய்தி தேவைப்படுகிறது. தட்டில் ஆன்டிஆக்ஸிடன்டைக் கொட்டி அதை அடக்கிவிட்டால் துடிக்கும் திட்டுகள் குறைவதைப் பார்த்திருக்கிறார்கள். தீயை அணைக்கப்போய் அடுப்பையும் சேர்த்து அணைத்ததுபோல.

வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறேன், குழந்தைக்குத் திட்டமிட்டிருக்கிறேன். ஸ்பைருலினா சேர்த்துக்கொண்டால் பாதுகாப்பா?

இல்லை. பாசியை நம்பி அதே மருந்தைத் தொடர்வதும் தவறு, பயந்துபோய் மருந்தைத் திடீரென்று நிறுத்துவதும் தவறு. நிறுத்தினால் வரும் வலிப்பு தாய்க்கும் கருவுக்கும் உயிராபத்து ஆகலாம்.

வால்ப்ரோயேட் சாப்பிடும் தாய்மார்களின் குழந்தைகளில் சுமார் 10ல் ஒருவருக்குப் பெரிய பிறவிக் குறைபாடு வருகிறது. வளர்ச்சியிலும் கற்றலிலும் பிரச்சினை வருவது அதைவிட அதிகம். ஆனால் வலிப்புக்கு மருந்து அது ஒன்றுதானா? லாமோட்ரிஜின், லெவெட்டிரசெட்டம் போன்றவற்றில் அபாயம் மிகவும் குறைவு. கருத்தரிப்பதற்குச் சில மாதம் முன்பே நரம்பியல் மருத்துவரிடம் பேசி மருந்தை மாற்றுவதோ அளவைக் குறைப்பதோதான் குழந்தையைக் காக்கும் வழி. உங்களுக்குப் பொருந்துவது எது என்பதை உங்கள் வலிப்பின் வகை தீர்மானிக்கும், அதை மருத்துவர்தான் சொல்ல முடியும்.

கீமோ எடுக்கும்போது பாசி மாத்திரை சாப்பிடலாமா?

புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். பாசிச் சாறு நல்ல செல்லை மருந்திலிருந்து காத்தால், புற்றுச் செல்லையும் அதே மருந்திலிருந்து காக்காது என்று சொல்ல எந்த உத்தரவாதமும் இல்லை.

சாதாரணக் கர்ப்பம், எந்த மருந்தும் இல்லை. சத்துக்காகச் சாப்பிடலாமா?

கர்ப்பிணிகளுக்குப் பாதுகாப்பு என்று சொல்லும் அளவுக்குப் பெரிய ஆய்வு எதுவும் இதற்கு இல்லை. அதனால் நான் பரிந்துரைக்க மாட்டேன். பாசி என்ற பொருளைவிட அதோடு ஒட்டி வருவதுதான் என் கவலை. திறந்த நீர்நிலைகளில் வளரும் நீலப்பச்சைப்பாசிகளோடு மைக்ரோசிஸ்டின் என்ற கல்லீரல் நஞ்சைத் தயாரிக்கும் இனங்கள் கலந்துவிடும். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம் இதற்காகவே ஒரு கிராம் பாசிப் பொருளில் 1 மைக்ரோகிராமுக்கு மேல் அந்த நஞ்சு இருக்கக் கூடாது என்று வரம்பு வைத்தது. பாசிகள் தண்ணீரிலுள்ள ஈயம், காட்மியம், ஆர்சனிக் எல்லாவற்றையும் உறிஞ்சிச் சேர்ப்பதிலும் கெட்டிக்காரர்கள். ஹிஜிக்கி என்ற கடற்பாசியில் ஆர்சனிக் அதிகம் என்பதால் பல நாடுகள் அதைத் தவிர்க்கச் சொல்லியிருக்கின்றன. கெல்ப் என்ற பழுப்புக் கடற்பாசி மாத்திரைகளில் அயோடின் எக்கச்சக்கமாக இருக்கும். கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்குத் தேவை 250 மைக்ரோகிராம்தான். அளவு மீறினால் கருவின் தைராய்டு சுரப்பி முடங்கலாம்.

அப்புறம் சில தனி விஷயங்கள். ஸ்பைருலினாவில் பி12 இருப்பதாக எழுதியிருக்கும். அதில் பெரும்பங்கு மனித உடலுக்குப் பயன்படாத வடிவம். சைவ உணவு மட்டும் சாப்பிடும் கர்ப்பிணி இதை நம்பி பி12 மாத்திரையை விட்டுவிடக் கூடாது. பீனைல்அலனின் என்ற புரதக்கூறை உடலால் கையாள முடியாத பீனைல்கீட்டோன்யூரியா உள்ளவர்களுக்கு இதன் புரதம் ஆகாது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் குளோரெல்லாவின் வைட்டமின் கேயைக் கவனிக்க வேண்டும்.

அப்படியானால் கருவைக் காக்கும் என்று நிரூபணமானது எதுவுமே இல்லையா?

இருக்கிறது, அதுவும் மிக எளிய பொருள். ஃபோலிக் அமிலம். ஏற்கனவே நரம்புக்குழாய்க் குறைபாட்டோடு குழந்தை பெற்ற பெண்களுக்குத் தினமும் 4 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த பன்னாட்டு ஆய்வு 1991ல் வெளிவந்தது. மறுபடி அதே குறைபாடு வருவது 72 சதவீதம் குறைந்தது. பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். மற்ற பெண்களுக்குக் கருத்தரிக்கும் முன்பிருந்தே தினமும் 400 மைக்ரோகிராம் போதும். கூடுதல் அளவு யாருக்கு வேண்டும் என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

செல்லின் பாதுகாப்பைக் கூட்டி மருந்தின் நச்சை முறிக்கும் யோசனைக்கும் ஒரு வெற்றி உண்டு. பாராசிட்டமால் அளவுக்கு மீறினால் கல்லீரலின் குளூட்டாதியோன் தீர்ந்துபோய் செல்கள் சாகின்றன. குளூட்டாதியோன் தயாரிக்க உதவும் அசிட்டைல்சிஸ்டீனை நேரத்தோடு கொடுத்தால் கல்லீரல் பிழைக்கிறது. கர்ப்பிணிகளுக்கும் அதையே கொடுக்கிறார்கள். அங்கே நச்சின் பாதை துல்லியமாகத் தெரியும், கொடுப்பது ஒற்றைப் பொருள், அளவும் நேரமும் தெரியும். பாசிச் சாற்றுக்கு இவற்றில் ஒன்றுகூட இன்னும் முழுசாகத் தெரியவில்லை.

பிறகு எதற்கு இந்த ஆராய்ச்சி? வீண் வேலையா?

நிச்சயமாக இல்லை. மருந்தை நிறுத்த முடியாத கர்ப்பிணிகள் உலகமெங்கும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கொடுக்க நம்மிடம் ஃபோலிக் அமிலத்தைத் தாண்டிப் பெரிதாக எதுவும் இல்லை. அவர்களுக்காக யாராவது தேடிக்கொண்டே இருக்க வேண்டும். இப்போது தேவைப்படுவது, சாற்றை விட்டுவிட்டு அதிலுள்ள தனிப் பொருளைப் பிடிப்பது. ஃபைகோசயனோபிலினைத் தனியாகப் பிரித்து, குறைந்த ஆக்சிஜனில், மனிதச் செல்களில், மருந்துக்கு முன்னும் பின்னும் கொடுத்துப் பார்ப்பது. கருவைக் காக்கிற அளவு மருந்தின் நோய் தீர்க்கும் வேலையைக் கெடுக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வலிப்பை அடக்காத வலிப்பு மாத்திரையால் தாய்க்கு என்ன பயன்?

கர்ப்பம் இன்றுதான் தெரிந்தது. இதுவரை தினமும் ஸ்பைருலினா சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பயப்பட வேண்டுமா?

பதற வேண்டாம். ஸ்பைருலினாவே கருவுக்குக் குறைபாட்டை உண்டாக்கும் என்று காட்டிய ஆதாரம் இல்லை. எலிகளுக்கு அதிக அளவில் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளிலும் அப்படித் தெரியவில்லை. இன்றோடு நிறுத்திவிட்டு, டப்பாவைத் தூக்கி எறியாமல் அடுத்த பரிசோதனைக்கு எடுத்துப் போங்கள். அதில் வேறு என்னென்ன சேர்ந்திருக்கிறது, அயோடின் எவ்வளவு, தொகுதி எண் என்ன, கன உலோகமும் மைக்ரோசிஸ்டினும் சோதித்ததாகக் குறிப்பு இருக்கிறதா என்று மருத்துவர் பார்க்கட்டும். கெல்ப் கலந்ததாக இருந்தால் தைராய்டு ரத்தப் பரிசோதனையைப் பற்றி நீங்களே கேளுங்கள். வேறு மருந்து ஏதாவது சாப்பிட்டு வந்தால் அதன் பெயரையும் அளவையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.